கேட்சரை யாரோடு ஒப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் உயர்நிலைப் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். கேட்சர். இணைப்பாட நடவடிக்கையாக எதை எடுப்பது என்று வீட்டில் பேசியபோது பரதநாட்டியம், நாடகம், பூப்பந்து எல்லாம் பட்டியலில் இருந்தன. அவளோ முகமூடி போட்டுக்கொண்டு வெயிலில் குந்தியிருக்கும் வேலையைத் தேர்ந்தெடுத்தாள். அப்புறம் ஸ்கோர் நோட்டு என் கைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்க பேஸ்பாலும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. நியூயார்க்கில் கோடைக்கால மாலை 7 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 7 மணி. சிங்கப்பூரின் ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறினால் ராஃபிள்ஸ் பிளேஸ் வருவதற்குள் ஒன்பது இன்னிங்ஸில் இரண்டைப் பார்த்துவிடலாம்.

திடலோரத்தில் மற்றப் பெற்றோரும், விசேஷ வீடுகளில் உறவினர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பள்ளித் திடலைப் பற்றிய பகுதி கடைசியில் வருகிறது. அதுவரை பேச்சு அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் பற்றியது. எண்கள் கொட்டிக் கிடக்கும் இடம் அதுதான்.

கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர்தானே?

முக்கால்வாசி ஆமாம். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பிட்சர் வீசும் பந்தை வாங்குபவர். எந்தப் பந்தை எங்கே வீசுவது என்று சைகை காட்டுவதும் பெரும்பாலும் அவர்தான். பேஸ் என்பது ரன்னர் தொட்டு நிற்கும் தளம்; பந்து அடிபடாமலேயே ரன்னர் அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடினால் எழுந்து எறிந்து அவுட் ஆக்க வேண்டும். பந்து தரையில் குத்தி வந்தால் நெஞ்சைக் கொடுத்தாவது தடுக்க வேண்டும்.

ஒப்பிடுவதில் உள்ள சிக்கலும் கீப்பருக்கு உள்ள அதே சிக்கல்தான். தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் மாமா ஒருவர், "தோனி ஒருநாள் போட்டியில் 123 ஸ்டம்பிங் செய்திருக்கிறார், அவரை மிஞ்ச ஆள் உண்டா?" என்று கேட்டார். அந்த எண்ணில் யாரும் மிஞ்சவில்லை, உண்மைதான். ஆனால் வேகப்பந்தையே நம்பியிருக்கும் அணியின் கீப்பருக்கு ஸ்டம்பிங் வாய்ப்பு எத்தனை கிடைக்கும்? அஸ்வினும் ஜடேஜாவும் பந்து போடும்போது நிற்பவருக்கு எத்தனை கிடைக்கும்? தோனியின் கை மின்னல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் 123 என்ற எண்ணில் அந்தக் கையும் இருக்கிறது, சுழற்பந்து வீச்சாளர்களும் இருக்கிறார்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

கேட்சரின் எண்கள் எல்லாமே இப்படித்தான். பாதி பிட்சருடையது. அந்தப் பாதியைக் கழிக்காமல் இரண்டு கேட்சர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வீண் வேலை.

ஃபீல்டிங் சதவீதத்தைப் பார்த்தால் போதாதா? எல்லாருக்கும் 99 என்று வருகிறதே?

எல்லாருக்கும் 99 வருவதுதான் கோளாறு.

ஃபீல்டிங் சதவீதத்தின் கணக்கு எளிது. ஆட்டக்காரர் தானே முடித்த அவுட்கள் புட்அவுட். இன்னொருவர் முடிக்க உதவியவை அசிஸ்ட். தவறினால் எரர். முதல் இரண்டையும் கூட்டி, மூன்றின் மொத்தத்தால் வகுத்தால் சதவீதம் வந்துவிடும். இதில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது: பேட்டர் மூன்றாவது ஸ்ட்ரைக்கில் (அடிக்கத் தவறிய அல்லது எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்ட பந்து ஸ்ட்ரைக்) அவுட் ஆகி, கேட்சர் பந்தைப் பிடித்துவிட்டால் அந்தப் புட்அவுட் கேட்சர் கணக்கில் சேரும். உழைத்தவர் பிட்சர், கூலி கேட்சருக்கு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். முதல் கேட்சருக்கு 800 புட்அவுட், 60 அசிஸ்ட், 6 எரர். இரண்டாமவருக்கு 500 புட்அவுட், 60 அசிஸ்ட், 4 எரர். இருவருக்கும் சதவீதம் ஏறக்குறைய 99.3. இப்போது ஸ்ட்ரைக் அவுட் மூலம் சும்மா வந்த புட்அவுட்களைக் கழியுங்கள். முதலாமவருக்கு அப்படி வந்தவை 760, இரண்டாமவருக்கு 450 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் உண்மையான வேலையில் முதலாமவர் 106 வாய்ப்புகளில் 100-ஐ முடித்திருக்கிறார், 94.3 சதவீதம். இரண்டாமவர் 114-ல் 110, அதாவது 96.5. கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த வித்தியாசம் இப்போது தெரிகிறது.

1997-ல் ஃபுளோரிடா மார்லின்ஸ் கேட்சர் சார்லஸ் ஜான்சன் 123 ஆட்டங்களில் ஒரு எரர்கூட இல்லாமல் முழு 100 சதவீதம் வாங்கினார். அது சாதனைதான். ஆனாலும் 100-க்கும் 99-க்கும் நடுவில் அவரது சகாக்கள் எல்லாரும் நெருக்கியடித்து நிற்கும்போது அந்த எண் யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை. நான் இந்தச் சதவீதத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அப்படியானால் திருட்டு ஓட்டத்தைப் பிடிக்கும் சதவீதம்? அது கேட்சரின் கை பலம்தானே?

இது பரவாயில்லை. ஆனால் இதிலும் மூன்று பேர் கலந்திருக்கிறார்கள்.

பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் 38.8 மீட்டர். பந்து கேட்சரின் கையுறையில் பட்ட நொடியிலிருந்து இரண்டாம் பேஸில் போய்ச் சேரும் வரை ஆகும் நேரத்தைப் பாப் டைம் என்பார்கள். மேஜர் லீக்கில் சராசரி சுமார் 2 வினாடி. மிக வேகமானவர்களில் ஒருவரான ஜே.டி. ரியல்முட்டோ 1.9 வினாடிக்குள் முடித்துவிடுவார். வித்தியாசம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரிடம் வர ஆகும் நேரத்திலோ, ஒரு பிட்சருக்கும் இன்னொருவருக்கும் அதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். நிதானமாகக் காலைத் தூக்கி வீசுகிற பிட்சருக்குக் கேட்சராக இருந்தால், கை பீரங்கியாக இருந்தாலும் ரன்னர் போய்ச் சேர்ந்துவிடுவார். மூன்றாமவர் அந்த ரன்னர்; அவரது வேகம் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ரன்னர் முன்கூட்டியே கிளம்பி, பிட்சர் முதல் பேஸுக்கு எறிந்து, அவர் நடுவில் மாட்டிக்கொண்டு அவுட் ஆனாலும் பல பட்டியல்களில் அது "பிடிபட்ட திருட்டு" என்றே சேரும். கேட்சர் பந்தைத் தொட்டிருக்கவே மாட்டார்.

இவான் ரோட்ரிகஸ் 46 சதவீதம் பிடித்தாராம். இப்போது 30 வந்தாலே கொண்டாடுகிறார்களே?

காலம் மாறிவிட்டது. ரோட்ரிகஸ் 1991 முதல் 2011 வரை ஆடியவர், சிறந்த ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருதை 13 முறை வாங்கியவர். அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் லீக் முழுவதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு திருட்டு பிடிபட்டது. 2022-ல் அது நான்கில் ஒன்று.

2023-ல் விதிகள் மாறின. பேஸின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. பிட்சர் வீச நேரக் கெடு வந்தது. ரன்னரை மிரட்டப் பிட்சர் வீசும் பலகையை விட்டு விலகுவதும் பேஸுக்கு எறிவதும் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான் என்று வரம்பு வைத்தார்கள். விளைவு, 2022-ல் 2,486 ஆக இருந்த திருட்டுகள் 2023-ல் 3,503 ஆயின. பிடிபட்டவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள்.

எனவே 2023-ல் ஒருவர் 30 சதவீதம் பிடித்தால் அது சராசரியின் ஒன்றரை மடங்கு. ரோட்ரிகஸின் 46-ஐ அவர் காலத்துச் சராசரியோடு வைத்தாலும் கிட்டத்தட்ட அதே ஒன்றரை மடங்குக்கு அருகில்தான் வருகிறது. அவர் அதை 20 ஆண்டுகள் தாங்கிப் பிடித்தார் என்பதுதான் அவரை வேறு ஆளாக்குகிறது.

பயத்தையும் கணக்கில் வையுங்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் 2004 முதல் 2022 வரை ஆடிய யாடியர் மொலினா 40 சதவீதம் பிடித்தவர். ஆனால் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் பலர் ஓடவே துணியவில்லை. ஓடாத ரன்னர் எந்தச் சதவீதத்திலும் வரமாட்டார். அதனால் சதவீதத்தோடு, இத்தனை இன்னிங்ஸில் எத்தனை பேர் ஓடத் துணிந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

சரி, சகாக்களோடு ஒப்பிடுவதற்கு ஒரு முறை சொல்லுங்களேன்.

சிங்கப்பூரில் பிள்ளை வளர்த்தவருக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் பழைய டி-ஸ்கோர் ஞாபகம் இருக்கிறதா? அதேதான். பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணிலிருந்து அந்த ஆண்டு எல்லாரும் வாங்கிய சராசரியைக் கழித்து, மதிப்பெண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவால், அதாவது திட்ட விலக்கத்தால் வகுத்து, 10-ஆல் பெருக்கி 50-ஐக் கூட்டுவார்கள். 50 என்றால் நடுவில். 60-க்கு மேல் என்றால் நல்ல பிள்ளை.

உதாரணமாக ஒரு லீக்கில் கேட்சர்களின் பிடிபடு சதவீதச் சராசரி 22, சிதறல் 6 என்று வைத்துக்கொள்வோம். 31 எடுத்தவருக்கு 9-ஐ 6-ஆல் வகுத்தால் 1.5, டி-ஸ்கோர் 65. இதையே தடுப்பு, எறிதல், ஃபிரேமிங் (விளிம்புப் பந்தை ஸ்ட்ரைக் ஆகும்படி வாங்குவது, பின்னால் வருகிறது) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட்டால், வெவ்வேறு அலகில் உள்ள எண்களும் ஒரே தராசில் நிற்கும்.

2021-ல் டி-ஸ்கோருக்கு மாற்றாக வந்த ஏஎல் முறையில் 90-ம் அதற்கு மேலும் எடுத்த எல்லாருக்கும் ஏஎல்1, மற்றவர்கள் எத்தனை எடுத்தார்கள் என்பது பொருட்டல்ல. பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது, நான் அந்தக் கட்சி. ஆனால் ஃபீல்டிங் சதவீதம் செய்வதும் அதேதான்: எல்லாருக்கும் ஏஎல்1 போட்டுக் கொடுத்துவிடுகிறது. கேட்சரை எடைபோட டி-ஸ்கோர்தான் வேண்டும்.

யாரைச் சகா என்று எடுப்பது என்பதில் மட்டும் கவனம். அதே ஆண்டு, அதே லீக், கேட்சராக ஓரளவாவது இன்னிங்ஸ் ஆடியவர்கள். பத்து ஆட்டம் மாற்றாக வந்தவரைச் சேர்த்தால் சிதறல் வீங்கிவிடும். ஆட்ட எண்ணிக்கையைவிட இன்னிங்ஸ் எண்ணிக்கை நல்லது. ஏழாவது இன்னிங்ஸில் உள்ளே வந்தவருக்கும் பட்டியலில் ஓர் ஆட்டம் என்றே விழும்.

எத்தனை வாய்ப்பு இருந்தால் நம்பலாம்?

பெற்றோர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. மேலே சொன்ன லீக்கில் ஒரு சராசரிக் கேட்சரிடம் 40 பேர் ஓடினால் 9 பேரைப் பிடிப்பார் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அது 6 ஆகவோ 12 ஆகவோ சுலபமாக மாறும். 12 என்றால் 30 சதவீதம்! அதை வைத்து "சூப்பர் கை" என்று சொல்லிவிட முடியாது. நாணயம் சுண்டி நாலு முறை தலை விழுந்ததற்கு மாலை போடுவது போல ஆகிவிடும். 100 பேர் ஓடிய பிறகும் நாலு சதவீதப் புள்ளி அங்கே இங்கே ஆடும். அதனால்தான் பாப் டைம் போன்ற அளவுகள் எனக்குப் பிடிக்கின்றன. ரன்னர் அவுட் ஆனாரோ இல்லையோ, ஒவ்வொரு எறிதலும் அதில் பதிவாகிறது.

பந்து கை தவறிப் பின்னால் போனால் யார் குற்றம்?

ஆட்டத்தின் அதிகாரபூர்வ ஸ்கோரர் தீர்ப்பு சொல்வார். கேட்சர் சாதாரண முயற்சியில் பிடித்திருக்கலாம் என்றால் பாஸ்டு பால், கேட்சர் கணக்கு. பிடிக்க முடியாத பந்து என்றால் வைல்டு பிட்ச், பிட்சர் கணக்கு. தரையில் குத்தி வந்து தவறியது பொதுவாக வைல்டு பிட்ச்தான். இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது: தரையில் குத்திய பந்தைத் தடுக்கத் தெரியாத கேட்சரின் பாவம் முழுக்கப் பிட்சர் தலையில் விழும். அதனால் நான் இரண்டையும் கூட்டியே பார்ப்பேன். ரன்னர் முன்னேறினால்தான் இவை பதிவாகும். ஆகவே மொத்தப் பந்துகளை விட்டுவிட்டு, பேஸில் ரன்னர் இருந்தபோது வீசிய பந்துகளால் வகுப்பதுதான் நியாயம்.

பிட்சர் யார் என்பதும் இங்கே பெரிதாக விளையாடும். 1987-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் கேட்சர் ஜீனோ பெட்ராலி ஒரே பருவத்தில் 35 பாஸ்டு பால் விட்டார். எண்ணை மட்டும் பார்த்தால் கையில் எண்ணெய் தடவியிருந்தாரோ என்று தோன்றும். அவர் வாங்கியது சார்லி ஹஃப் வீசிய நக்கிள்பால். சுழலாமல் மிதந்து வந்து கடைசி நொடியில் பட்டாம்பூச்சி மாதிரித் திசை மாறும் பந்து. அதை வாங்கியவரை நேர்பந்து வாங்கியவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

ஃபிரேமிங் என்கிறார்களே, அது அம்பயரை ஏமாற்றுவதா?

ஏமாற்றுவது என்றும் சொல்லலாம், பக்குவம் என்றும் சொல்லலாம். ஸ்ட்ரைக் எல்லையின் விளிம்பில் வரும் பந்தைக் கை ஆடாமல், கையுறையை மெல்ல உள்நோக்கி இழுத்து வாங்கினால் அம்பயர் ஸ்ட்ரைக் கொடுக்க வாய்ப்பு அதிகம். வெடுக்கென்று கை போனால் அதே பந்து 'பால்', அதாவது ஸ்ட்ரைக் அல்லாத வீச்சு, ஆகிவிடும்.

இதைப் பழைய ஆட்டக்காரர்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாராலும் எண்ண முடியவில்லை. மைதானங்களில் பந்தின் பாதையை அளக்கும் கேமராக்கள் வந்த பிறகு கதை மாறியது. 2011-ல் மைக் ஃபாஸ்ட் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் ஹோசே மொலினா என்ற கேட்சரின் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்தது. யாடியரின் அண்ணன்தான். பேட்டைப் பிடித்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, ஓட்டமோ மாட்டு வண்டி. ஆனால் விளிம்புப் பந்துகளை ஸ்ட்ரைக் ஆக்குவதில் அவர் முதல் வரிசையில் இருந்தார். கூடுதலாக வாங்கித்தரும் ஒரு ஸ்ட்ரைக்கின் மதிப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு ரன். அற்பம்தான். ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒன்று கூடுதல் என்றால்கூட, 120 ஆட்டத்தில் 15 ரன். சுமார் 10 ரன் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது இந்தத் துறையில் வழங்கும் தோராயக் கணக்கு.

இதே கேமராக் காலத்து அறிவோடு திரும்பிப் பார்த்தால் மைக் பியாஸாமீது இரக்கம் வருகிறது. கேட்சராக ஆடி அவர் அளவுக்கு ஹோம் ரன் அடித்தவர் இல்லை. ஆனால் திருட்டு ஓட்டத்தைப் பிடித்தது 23 சதவீதம்தான், அதனால் காலமெல்லாம் "மோசமான கேட்சர்" என்ற பெயர். பழைய பதிவுகளை அலசியவர்கள், பந்து வாங்குவதில் அவர் சராசரிக்கு மேல் என்கிறார்கள். கண்ணில் பட்ட ஒரே எண் அவரைக் கவிழ்த்துவிட்டது.

இந்தத் திறமைக்கும் ஆயுள் குறைகிறது. கொரிய லீக்கில் 2024 முதல் ஸ்ட்ரைக்கா பாலா என்று இயந்திரமே தீர்மானிக்கிறது; அங்கே ஃபிரேமிங்கின் விலை பூஜ்யம். மேஜர் லீக் 2026 பருவத்துக்கு நடுவழியை எடுத்தது: அம்பயர்தான் சொல்வார், அணிக்கு இரண்டு முறையீடு. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர்தான் முறையிடலாம். அப்படியானால் எந்தப் பந்துக்கு முறையிடுவது என்று தெரிவதே கேட்சருக்கு ஒரு புதுத் திறமை ஆகிறது.

கேட்சர் வாரியாகப் பிட்சர்களின் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் பிட்சர் பொறுப்பில் போன ரன்) பார்க்கலாமா?

பார்க்கலாம். நான் பார்ப்பதில்லை. அணியின் முதல்தரப் பிட்சருக்கு நிரந்தரமாக ஒரு கேட்சரை ஒதுக்கிவிட்டால் அவர் எண் தானாகவே அழகாகிவிடும்.

ஒரே கேட்சருக்கு ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மதிப்பு வருகிறதே?

எதைச் சேர்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஃபேன்கிராஃப்ஸ் 2019-ல் ஃபிரேமிங்கைத் தன் மொத்த மதிப்பான வார் கணக்கில் சேர்த்தது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தன் வார் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. ஆகவே ஒருவருக்கு ஒரு தளத்து எண்ணையும் இன்னொருவருக்கு இன்னொரு தளத்து எண்ணையும் எடுத்து ஒப்பிடாதீர்கள். எறிதல், தடுப்பு, ஃபிரேமிங் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க எனக்கு பேஸ்பால் சாவன்ட் தளம் வசதியாக இருக்கிறது.

இதெல்லாம் நம் பள்ளி சாஃப்ட்பாலுக்குப் பொருந்துமா?

கொஞ்சம்தான். திடலே வேறு. சாஃப்ட்பாலில் பேஸ்களுக்கு இடையே 60 அடி, ஹோமிலிருந்து இரண்டாம் பேஸ் சுமார் 25.9 மீட்டர். பிட்சர் கையிலிருந்து பந்து விடுபடும் வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது. சி டிவிஷன் (இளைய வயதுப் பிரிவு) பிள்ளைகளிடம் ஃபிரேமிங் எல்லாம் பேசினால் சிரிப்பார்கள். அவர்களுக்குப் பந்து கையுறையில் நின்றாலே பெரிய விஷயம். எறிதலைவிடத் தடுப்புதான் ஆட்டங்களை முடிவுசெய்கிறது. என் நோட்டில் ஒரு ஆட்டத்தில் நாங்கள் கொடுத்த 9 ரன்களில் 6, பந்து பின்னால் உருண்டு போனதால் வந்தவை. அந்த எதிரணியின் கேட்சரும் நம்மைப் போலத்தான் விட்டுக்கொண்டிருந்தாள் என்பது பக்கத்து வரியில் இருந்ததால் யாரும் அழவில்லை.

ஆட்டங்களும் குறைவு, டி-ஸ்கோர் போடவே ஆள் பற்றாது. இரண்டு மூன்று எதிரணிக் கேட்சர்களை அதே ஆட்டத்தில், அதே ஈரத்திடலில் எண்ணிப் பார்ப்பதுதான் நம்மால் முடிந்த ஒப்பீடு. மின்னல் எச்சரிக்கை ஒலி கேட்டு ஆட்டம் பாதியில் நின்றால் எத்தனை இன்னிங்ஸ் ஆனது என்று மறக்காமல் குறியுங்கள். நான் ஒருமுறை மறந்து, மூன்று இன்னிங்ஸ் ஆட்டத்தை ஏழாகக் கணக்கிட்டு மகளைச் சாதாரணச் சராசரியிலிருந்து மகாராணி ஆக்கிவிட்டேன்.

நோட்டில் என்னென்ன எழுதுகிறீர்கள்?

நாலு பத்திதான். பேஸில் ரன்னர் இருந்தபோது வந்த பந்துகள். அவற்றில் தரையில் குத்தியவை. குத்தியவற்றில் முன்னாலேயே நிறுத்தியவை. ஓடியவர்களும் பிடிபட்டவர்களும். அதே நாலு பத்தி எதிரணிக் கேட்சருக்கும். பிட்சர் மாறினால் ஒரு கோடு.

மகளிடம் காட்டுவீர்களா?

மூன்றாவது பத்தியை மட்டும். போன மாதம் குத்திய பந்து 31, நிறுத்தியது 19. "எதிரணி அக்கா?" என்றாள். 28-ல் 17. வாய்க்குள் ஏதோ வகுத்துப் பார்த்துவிட்டு, "சமம்தான்பா, அந்த அக்காவோட பிட்சர் மெதுவா போடுவாங்க," என்று சொல்லிவிட்டு முழங்கால் கவசத்தைத் துடைக்கப் போய்விட்டாள்.